ஓட்டை இல்லாத கீரை

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஒரு கட்டுப் பொன்னாங்காணியைக் கையில் எடுத்தேன். இலையெல்லாம் ஓட்டை. கடைக்காரர் அதை என் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கி ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"ஏக எப்பா மாத்தயா. பணுவோ இன்னவா."

வேண்டாமாம். புழு இருக்கிறதாம். நான் விடவில்லை. அதுதான் வேண்டும், அதையே தாரும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொல்ல, அவரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அறுபத்திரண்டு வயது ஆள், நடு மார்க்கெட்டில் நின்று, பூச்சி தின்ற கீரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எனக்குப் பைத்தியம் இல்லை. ஒரு பாவம் இருக்கிறது. அந்தப் பாவத்துக்கு நாற்பது குடும்பம் பங்காளிகள். அதில் பெரிய பங்கு என்னுடையதுதான் என்று என் மனைவி சாந்தினி சொல்கிறார். இந்தப் பக்கத்தைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவர்கள் நீங்கள்... கேட்டுவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

கதை எங்கள் ஃப்ளாட்டின் நாலாம் மாடியில் தொடங்குகிறது. அங்கே கௌரி என்றொருவர் இருக்கிறார். இருபத்தேழு வருடம் டொரன்டோவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பி வந்தவர். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள் சொக்லேட் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யோசனை கொண்டுவருகிறார்கள். சொக்லேட் என்றால் தின்று தீர்த்துவிடலாம்.

"அங்க நாங்கள் எல்லாரும் ஃபார்ம் ஷெயார்தான் அண்ணை. கடைக்குப் போறதே இல்லை. ஃபார்மரோட நேரடி ரிலேஷன்ஷிப். இஞ்ச ஏன் ஒருத்தரும் செய்யேல்ல?" என்று லிஃப்டில் வைத்துக் கேட்டார். லிஃப்டில் கேட்டால் ஓட முடியாது. நான் தலையாட்டினேன்.

விசயம் இதுதான். ஒரு தோட்டத்தின் விளைச்சலில் நாற்பது குடும்பம் பங்குக்காரர். பருவம் தொடங்கும்போதே பன்னிரண்டு கிழமைக்கான பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கூடை மரக்கறி வரும். என்ன வரும் என்று நாங்கள் கேட்க முடியாது. அந்தப் பருவத்தில் மண் எதைத் தருகிறதோ அதுதான். நன்றாக விளைந்தால் எல்லோருக்கும் கூட. மழை அழித்தால் எல்லோருக்கும் குறைய. நட்டம் தோட்டக்காரரின் தலையில் மட்டும் விழாது. பூச்சிமருந்து அடிப்பது இல்லை. இவ்வளவும் ஒரு தாளில் அச்சடித்து, கீழே நாற்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினார் கௌரி.

யோசனையில் ஒரு பிழையும் இல்லை, அதை இப்போதும் சொல்வேன். கையெழுத்துப் போட்ட கைகளில்தான் பிழை.

நாற்பது பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மண்மேல் உள்ள பக்தியா? அது புரட்டாதி மாதம். புரட்டாதிச் சனி, பிறகு நவராத்திரி, பிறகு கந்தசஷ்டி என்று விரதம் வரிசையில் நிற்கும் காலம். மற்ற நாட்களில் விளைமீனுக்கும் நண்டுக்கும் பின்னால் திரிகிற வெள்ளவத்தைத் தமிழன், அந்த மூன்று மாதம் மட்டும் மரக்கறியைப் பற்றி உருகி உருகிக் கதைப்பான். ஆனியில் கேட்டிருந்தால் கௌரிக்கு நாலு பேர்கூடக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

தோட்டக்காரரின் பெயர் புஷ்பராணி. முப்பத்தைந்து வயதிருக்கும். பாதுக்கைப் பக்கம் இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். ஐந்து வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி, அங்கேயே இரண்டு ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். முதல் சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஒரு சின்ன லொறியில் வந்து, எங்கள் கார் பார்க்கில் நாற்பது கூடைகளையும் தானே இறக்கி வைத்தார். நாங்கள் அவரைச் சுற்றி நின்று ஃபோட்டோ எடுத்தோம். ஒருவர்கூட ஒரு கூடையைப் பிடித்து இறக்கவில்லை.

முதல் மூன்று கிழமையும் தேனிலவு. பாகற்காய், பயிற்றங்காய், மரவள்ளி, வாழைப்பூ. வட்ஸ்அப் குறூப்பில் காலையிலிருந்து மாலைவரை புடலங்காய்ப் படம். மூன்றாம் மாடி எஞ்சினியர் மகாலிங்கம் ஒரு கத்தரிக்காயை ஏழு கோணத்தில் எடுத்துப் போட்டார். பேரப்பிள்ளைகளின் படத்தைக்கூட அவர் அப்படிப் போட்டதில்லை. கௌரி புஷ்பராணியையும் அதே குறூப்பில் சேர்த்துவிட்டார். பயிர் செய்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் திரை இருக்கக் கூடாதாம்.

நாலாவது கிழமை மழை பிடித்தது. பாத்திகள் தண்ணீரில் நின்றன. பாகலும் பயிற்றையும் அழுகிவிட்டன. எஞ்சியது கீரை மட்டும். கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை. அடுத்த கிழமையும் அதே மூன்று.

மண் தருவதை ஏற்போம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா?

"ரெண்டு கிழமையா ஒரே கீரை. நாங்கள் என்ன மாடோ?" இது எஞ்சினியர்.

"சீசன் எண்டால் விளங்குது. ஆனா வெரைட்டி வேணுமெல்லோ. கரட், லீக்ஸ், பீற்றூட் ஒண்டும் இல்லையோ?" இது முதலாம் மாடி டொக்டரின் மனைவி.

எனக்கு உள்ளுக்குள் நல்ல கொண்டாட்டம். எவர் எதைத் தொடங்கினாலும் நொட்டை கண்டுபிடிக்கிறவன் நான். இங்கே நாற்பது பேர் எனக்காக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

கந்தசஷ்டியின் நாலாம் நாள். சாந்தினி ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்பவர். நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனாலும் வீட்டில் சமைப்பதைத்தானே சாப்பிட வேண்டும். மத்தியானம் எதிரெதிரே இருந்தோம். அவருடைய வாழையிலையில் பொன்னாங்காணி வறை. பாதி சாப்பிட்டு முடித்திருந்தார். மீதிப் பாதிக்குள் பச்சையாக, சுருண்டு, ஒன்று கிடந்தது. அவருக்குக் கண்ணாடி போடாமல் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

ஒரு நல்ல கணவன் என்ன செய்வான்? பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்ல அதை எடுத்து எறிந்துவிடுவான். நான் கைத்தொலைபேசியை எடுத்தேன்.

"கொஞ்சம் பொறும். கையை எடும்."

"என்னத்தைப் படம் எடுக்கிறியள்?" என்றவர், கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். முகம் ஒருமாதிரியாகப் போய்விட்டது. பிறகு கரண்டி நுனியால் அதை எடுத்து ஓரமாக வைத்தார். "தெரியாமல் நடந்தது முருகா. புழுவுக்கும் நீதானே படியளக்கிறாய்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு விசயம் அதோடு முடிந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, அதைக் குறூப்பில போடாதேங்கோ. பாவம் அந்தப் பிள்ளை புஷ்பராணி."

போட்டேன். 'இன்றைய விரதச் சாப்பாட்டுக்கு வந்த அசைவ விருந்தாளி' என்று மேலே ஒரு வரியும் எழுதினேன். முப்பது வருடமாக இந்த மாதிரி வரிகளுக்குத்தான் எனக்குச் சம்பளம். நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கீரையைச் சமைத்த வீடு இருபதுக்கு மேல். எல்லா வீட்டிலும் விரதம். எல்லோரும் தங்கள் வயிற்றுக்குள் புழு ஓடுகிற மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். விரதம் முறிந்துவிட்டதா, இல்லையா? தெரிந்து சாப்பிட்டால்தான் தோஷமா, தெரியாமல் சாப்பிட்டாலும் தோஷமா? நாலு நாள் பலன் போனால் மீதி இரண்டு நாளும் இருப்பதில் பிரயோசனம் உண்டா? ஒருவர் குருக்களுக்குப் போன் பண்ணிக் கேட்டுவந்து, முழுகிவிட்டுத் தொடரலாம் என்று அறிவித்தார். நாலாம் நாள் பின்னேரம் எங்கள் ஃப்ளாட்டில் தண்ணீர்த் தாங்கி காலியானது.

பிறகு எல்லோருடைய கோபமும் கீழே இறங்கியது, பாதுக்கைக்கு.

"இவ்வளவு அசுத்தமாகவா கீரை அனுப்புவது?"

"எங்கள் விரதத்துக்கு ஆர் பதில் சொல்றது?"

ஒன்பது பேர் தங்களை விட்டுவிடும்படி எழுதினார்கள். கௌரி முடிவாக ஒரு செய்தி போட்டார்: இனிமேல் ஓட்டையோ புழுவோ இல்லாத கீரைதான் வர வேண்டும். பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது.

இதை நீங்கள் இன்னொரு தரம் வாசியுங்கள். மருந்தும் கூடாது, புழுவும் கூடாது. அதாவது, புழு தானாகவே யோசித்து, வெள்ளவத்தையில் கந்தசஷ்டி நடக்கிறது என்று ஒதுங்கிப் போய்விட வேண்டும்.

புஷ்பராணியிடமிருந்து வந்தது ஒரேயொரு பதில். 'சரிங்க மெடம். அடுத்த வாரம் பாத்துக்கிறேன்.'

அடுத்த சனிக்கிழமை கூடை வந்தது. என்ன கூடை! பொன்னாங்காணி பளபளவென்று, ஒரு இலையில் ஒரு பொட்டு இல்லை. பக்கத்தில் கரட், பீற்றூட், கை நீளத்துக்கு லீக்ஸ். குறூப்புக்கு உயிர் வந்தது. விலகிய ஒன்பது பேரும் விலகவில்லை என்றார்கள். எஞ்சினியர் லீக்ஸைக் கையில் ஏந்திப் படம் போட்டு எழுதினார்: 'இதுதான் மண்ணின் உண்மையான சுவை. மார்க்கெட்டில் வாங்கும் லீக்ஸ் இப்படி மணக்காது.'

சாந்தினி சமையலறையில் லீக்ஸை அரிந்துகொண்டே கேட்டார்.

"ஏனப்பா, பாதுக்கையில லீக்ஸ் வருமே?"

"ஏன் வராது?"

"அந்தப் புழுக்கத்துக்கோ? லீக்ஸ் நுவரெலியாவில எல்லோ விளையிறது."

நான் கத்தியைப் பார்த்தேன், லீக்ஸைப் பார்த்தேன். நாற்பது குடும்பம். அதற்குள் இரண்டு டொக்டர், மூன்று எஞ்சினியர், பூகோளம் படிப்பித்துப் பென்ஷன் எடுத்த ஆசிரியை ஒருவர். குளிர்நாட்டு மரக்கறி எப்படி இறப்பர் விளைகிற ஊரில் முளைத்தது என்று ஒரு மனிதருக்கும் தோன்றவில்லை. பருவத்துக்குரியதைச் சாப்பிடுவோம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட எங்களுக்கு, எது எந்தப் பருவத்தில், எந்த மண்ணில் வரும் என்றே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நேரத்துக்கே கீழே இறங்கிப் போனேன். எனக்கு அப்போதும் கள்ளத்தைப் பிடித்த பெருமைதான். புஷ்பராணி தனியே கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இந்த லீக்ஸ் உங்கட தோட்டத்திலயோ விளைஞ்சது?"

அவர் கையிலிருந்த கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"இல்லீங்க சேர். பேலியகொடை மார்க்கெட்ல வாங்கினது. கீரையும்தான்." அடுத்த கூடையை எடுத்தபடி, "அந்தப் புழு படம் போட்டது சேர்தானே?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன்.

"எல்லாத்தையும் வாசிச்சேன் சேர். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்."

அந்த இடத்தில் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, சும்மா தகவல் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் கூடச் சுட்டது.

பிறகு தானாகவே சொன்னார். தை மாதத்தில் குத்தகையைப் புதுப்பிக்கிறாயா, விடுகிறாயா என்று காணிக்காரர் கேட்பார். அடுத்த பருவத்துக்கு இருபது பேராவது நிற்போம் என்று சொன்னால் காணியை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் திரும்பவும் குவைத்துக்குத்தான். ஏஜென்சிக்காரர் கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறார்.

"போறதுல எனக்குப் பயமில்ல சேர். வேலை செஞ்ச வீடுதான். மகளை மூணு வயசுல விட்டுட்டுப் போனேன். அஞ்சு வருஷம் கழிச்சு வந்தப்போ, என்னைப் பார்த்து 'வாங்க, உக்காருங்க'ன்னா. என் தங்கச்சியத்தான் அம்மான்னு கூப்பிட்டா. இப்பதான் ஒரு வருஷமா என்கிட்ட சண்டை போடறா, பாய எடுத்துட்டு வந்து பக்கத்துல படுக்கிறா. மறுபடி போனா அவ்வளவுதான் சேர்."

"தோட்டத்தில கீரை இருக்கோ?"

"நெறைய இருக்கு. எல்லாத்துலயும் ஓட்டை. மருந்தடிக்காட்டி பூச்சி திங்கத்தான் செய்யும். அதைக் கொண்டாந்தா நீங்க போயிருவீங்க. அதனால அதை அங்க பக்கத்து வீடுகளுக்குக் குடுத்துட்டு, இதை வாங்கிட்டு வர்றேன். கையில ஒண்ணும் நிக்காது. சீசன் முடியணும், அவ்வளவுதான்."

ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அந்தக் கள்ள லீக்ஸை இன்னும் நாலு கிழமை வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். நான் அவருக்கு நன்மை செய்கிறேன் என்று நினைத்தேன். உண்மை என்னவென்றால், அந்தக் குறூப்பில் எழுந்து, நான் போட்ட படம் ஒரு மடத்தனம், மருந்தில்லாத கீரையில் ஓட்டை இருக்கும் என்று ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. கேலி எழுதுகிறவனுக்கு மன்னிப்பு எழுத வராது. ரோஷம்.

பன்னிரண்டாம் கிழமை முடிந்ததும் கார் பார்க்கில் கூட்டம். பிளாஸ்டிக் கதிரைகள், மைக், ஒரு தட்டில் ரோல்ஸ், இன்னொன்றில் கேக். அடுத்த பருவத்துக்கு யார் யார் தொடர்வது என்று கை உயர்த்த வேண்டும். அதற்கு முதல் பேச்சு. நாலு தமிழர் கூடினால் பேச்சு இல்லாமலா? கௌரி அரை மணித்தியாலம் பேசினார். ஒரு விவசாயப் பெண்ணை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கி நிறுத்திவிட்டோமாம். எஞ்சினியர் லீக்ஸைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதம் டொரன்டோவிலிருந்து கௌரியின் சிநேகிதிகள் வருகிறார்கள், எல்லோரும் வான் பிடித்துப் போய் லீக்ஸ் பாத்திகளைப் பார்ப்போம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு பொன்னாடை. எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் போர்த்தாமல் விட மாட்டார்கள். வேலை உடுப்போடு வந்திருந்த புஷ்பராணியைக் கதிரையில் இருத்தி, மஞ்சள் சரிகைப் பொன்னாடையைத் தோளில் போட்டார் கௌரி. "ரெண்டு வார்த்தை பேசுங்கோ" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்.

புஷ்பராணி மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். நான் ரோல்ஸைப் பார்த்தேன்.

"இதைப் போர்த்தாம விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லாமப் போயிருப்பேன். போர்த்திட்டீங்க. போர்த்திக்கிட்டு பொய் சொல்ல எனக்குத் தெரியாதுங்க. ஆறு வாரமா நீங்க சாப்பிட்டது என் தோட்டத்து மரக்கறி இல்ல. மார்க்கெட்ல வாங்கினது. எங்க ஊர்ல லீக்ஸ் வராதுங்க. கீரை வரும். மருந்தடிக்காம இருந்தா ஓட்டையோடதான் வரும். உங்களுக்கு அது வேணாம்னதும் நான் பயந்துட்டேன். தப்புத்தான். அடுத்த சீசன்ல ஓட்டைக் கீரையையே கொண்டாறேன். மழைன்னா கொஞ்சமா வரும். வெயில்னா நெறைய வரும். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல அப்படித்தான் இருக்கு. இருக்கிறவங்க இருங்க. நீங்க இருந்தா நான் ஊர்ல இருப்பேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலில் பேசியவர் எஞ்சினியர்.

"அப்ப நாங்கள் ஆறு கிழமையா மருந்தடிச்ச சாமான் சாப்பிட்டிருக்கிறம்."

மண்ணின் சுவையை மணந்து பார்த்த அதே மூக்கு. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டொக்டரின் மனைவி, மார்க்கெட் மரக்கறி சூரன்போர் முடிந்தபிறகு வந்ததா, முதலே வந்ததா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கணக்குப் பார்த்தார். கௌரிக்குக் கண் கலங்கிவிட்டது. "டிரஸ்ட்... டிரஸ்ட்தான் இதில முக்கியம். அது உடைஞ்சு போச்சு" என்றார்.

அந்த நேரத்தில் நான் எழும்பியிருக்க வேண்டும். எனக்கு முதலே தெரியும், புழுப் படம் போட்டு இவரைப் பயப்படுத்தியவனே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் பேச்சை நாலு பேர் கேட்பார்கள். அதற்குத்தானே இந்தப் பத்தியில் என் ஃபோட்டோ போடுகிறார்கள்? எழும்பவில்லை. நான் ஒரு கோழை. இத்தனை வருடமாக மற்றவர்களைப் பற்றி எழுதிய சொல்லை இன்றைக்கு என்னைப் பற்றி எழுதுகிறேன்.

சாந்தினி கையை உயர்த்தினார். "நான் இருக்கிறன் பிள்ளை. ஓட்டையோட கொண்டு வாரும்." அதற்குப் பிறகுதான் என் கை உயர்ந்தது. எங்கள் வீட்டைவிட இன்னும் ஏழு வீட்டுக் கை. அவ்வளவுதான்.

புஷ்பராணி பொன்னாடையை எடுத்து மடித்து கௌரியிடம் நீட்டினார். வேண்டாம், வைத்திருங்கள் என்று சொல்வார் என்று பார்த்தேன். கௌரி வாங்கித் தன் பையில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நானும் சாந்தினியும் வீடு வீடாக மணி அடித்தோம். யாருக்கெல்லாம் நொட்டை சொன்னேனோ அவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்றேன். எங்கள் ஃப்ளாட், பக்கத்து ஃப்ளாட், பாமன்கடையில் தெரிந்த இரண்டு வீடு. தேநீர் தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள். பெயர் மட்டும் தரவில்லை.

"நாங்கள் இப்ப சுப்பர் மார்க்கெட்டில ஓர்கானிக் எண்டு ஒட்டியிருக்கிறதைத்தான் எடுக்கிறம்."

"விரதமெல்லாம் முடிஞ்சுது. இனி ஏன் இவ்வளவு மரக்கறி?"

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சானுக்குப் போன் எடுத்தேன். "கீரைக்கட்டுக்கு விடியக்காலமை வெள்ளவத்தைக்கு வரச் சொல்றியளோ அத்தான்? உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

எல்லாவற்றிலும் உச்சம் டொக்டரின் மனைவி சொன்னது. "அவ சொல்லாமல் விட்டிருந்தால் பரவாயில்லை. நாங்கள் பாட்டுக்கு இருந்திருப்பம். சொன்ன பிறகு எப்படி வாங்கிறது?"

விளங்கிக்கொண்டீர்களா? பொய் சொன்னபோது கரட்டுக்கும் லீக்ஸுக்கும் நாற்பது பேர். உண்மையைச் சொன்னதும் எட்டு. மணி அடித்து அடித்துப் பதின்மூன்றாக்கினோம். இருபது வரவில்லை. தை பிறந்தது. காணிக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அங்கே இப்போது அன்னாசி வைக்கிறார்களாம்.

புஷ்பராணி போன வியாழக்கிழமை குவைத்துக்குப் போனார். போவதற்கு முதல் நாள் சாந்தினியுடன் கதைத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம்தான் மெடம். மகளைத் தங்கச்சிகிட்ட விட்டிருக்கேன்."

"பிள்ளை என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. அழவும் இல்ல. என் பேக்கைத் தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சுட்டு, உள்ள போயிட்டா."

சாந்தினி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். எனக்கு அழுகை வந்தது. அதை எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் குறூப்பில் செய்தியைப் போட்டேன். புஷ்பராணி நேற்று வெளிநாட்டுக்குப் போய்விட்டார், மகளை விட்டுவிட்டு. அவ்வளவுதான் எழுதினேன். இரண்டு மாதமாகத் தூங்கிக்கிடந்த குறூப் விழித்துக்கொண்டது. ஐயோ பாவம், கடவுள் துணை, நல்ல பிள்ளை. கடைசியாக கௌரி எழுதினார்: 'கேட்கவே கவலையாக இருக்கிறது. இன்னொன்று, புரட்டாதிக்கு இப்போதே ஆள் பார்க்க வேண்டும். யாருக்காவது வேறு ஃபார்மர் தெரியுமா? இந்தத் தரம் ஒனஸ்ட்டான ஆளாக இருக்க வேண்டும்.'

நான் எழுதினேன்: 'ஒனஸ்ட்டான ஆள் ஒருவரை எனக்குத் தெரியும்.'

இரண்டு நிமிடத்தில் எஞ்சினியரின் பதில் வந்தது. 'அப்படியா? சந்தோஷம். உடனே நம்பரைப் போடுங்கள், அவரை வேறு யாரும் பிடித்துக்கொள்ள முதல்.'